ஒன்பது தொட்டிகளுக்கு ஒரு கை

கோபத்தில்தான் அந்தக் கையைச் செய்தேன். அண்ணி மேல் உள்ள பாசத்தில் செய்தேன் என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அண்ணனும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த நாளில் எனக்கு அண்ணியை அவ்வளவாகப் பிடிக்காது. ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதற்காக ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவளை எப்படிப் பிடிக்கும்?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அஸ்தினாபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் குடியிருந்தோம். அப்பா அம்மா இல்லை. மகளிர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் பிரிண்டர் ரிப்பேர் செய்யும் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் என்னிடம் ரசீது கேட்பார்கள். நான் சோல்டரிங் அயர்னைக் கையில் வைத்துக்கொண்டு, ரசீது அந்த மேஜையில் என்று சொல்வேன்.

அண்ணி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். இரண்டு முறை ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாவது முறை உண்டானபோது டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பாத்ரூம் போக மட்டும் அனுமதி. கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். தலை தாழ்ந்து கால் உயர்ந்து, நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள். காலையில் நானும் அண்ணனும் சமைத்து, சாப்பாடு, தண்ணீர், ரேடியோ எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு எட்டரைக்குக் கிளம்புவோம். மத்தியானம் கீழ் வீட்டு அக்கா ஒருமுறை வந்து பார்ப்பார். அவ்வளவுதான் துணை.

அந்த அறையில்தான் அவளுடைய செடிகளும் இருந்தன. ஜன்னலோரம் பெஞ்சு போட்டு, பெயின்ட் டப்பாவிலும் பால் பவுடர் டின்னிலும் மண் தொட்டியிலுமாக வைத்திருந்தாள். மணி பிளான்ட், இரண்டு வகைக் குரோட்டன்ஸ், ஃபெர்ன், பிகோனியா, இன்னும் எனக்குப் பெயர் தெரியாதவை. நன்றாக இருந்த காலத்தில் யாரையும் தொட விடமாட்டாள். இப்போது படுத்தபடியே அவை வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணி கேட்டாள்:

"ஏங்க, காலைல செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"மறந்துட்டேன்."

"நேத்தும் மறந்துட்டீங்க."

"ஆபீஸ் போய்ட்டு வந்து, சமைச்சு, துணி துவைச்சு, இதுல செடி வேற. செத்தா சாகட்டும் விடு. அப்புறம் வேற வாங்கிக்கலாம்."

அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதை வயிற்றில் பிடித்துவைத்துக்கொண்டு கிடப்பவளிடம் இதைச் சொல்லிவிட்டு, அவன் பனியனோடு போய் டிவி முன்னால் உட்கார்ந்தான். தான் சொன்னது என்ன என்றே அவனுக்கு உறைக்கவில்லை. தட்டைத் தூக்கி அவன் மேல் எறியலாமா என்று இருந்தது எனக்கு.

மறுநாளிலிருந்து நான் ஊற்றினேன். நான்கு நாள் ஊற்றினேன். ஐந்தாம் நாள் எட்டு ஐம்பது ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்தேன், ஆறாம் நாளும் மறந்தேன். சாயங்காலம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு மக்கை எடுத்தபோது அண்ணி சொன்னாள்: "பரவால்லம்மா. நீ எவ்வளவுதான் பண்ணுவ." அந்தப் "பரவால்ல"வைக் கேட்டதும் என் மேலேயே எரிச்சல் வந்தது. இந்த வீட்டில் ஒருத்தி ஒரு மக் தண்ணீருக்காக இரண்டு பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, இரண்டு பேருமே லாயக்கில்லை. யாரிடமும் கேட்காமல் அவளே ஊற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் படுத்த இடத்திலிருந்தே. அன்றைக்கு அந்த மக்கைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்தேன்.

பிரிண்டரில் ஸ்டெப்பர் மோட்டார் என்று ஒன்று உண்டு. மற்ற மோட்டார் போல அது சும்மா சுற்றாது. ஒரு துடிப்புக்கு ஒரு சின்ன அடி எடுத்துவைக்கும். நிறுத்தினால் அங்கேயே நிற்கும். காகிதத்தில் எழுத்து எழுத்தாக நகர்த்தும் மோட்டார் ஒரு கையையும் தொட்டி தொட்டியாக நகர்த்தும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எங்கள் சர்வீஸ் சென்டரில் பாத்ரூமுக்குப் பக்கத்துச் சந்தில், இனி தேறாது என்று ஒதுக்கிய பிரிண்டர்கள் தூசி படிந்து அடுக்கிக் கிடந்தன.

அங்கே ஒரு சீனியர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். முதலாளி கடை ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரை அண்ணா என்பேன். டீ நேரத்தில் அவரிடம் கேட்டேன்.

"அண்ணா, அந்தச் சந்துல கெடக்குற பிரிண்டர்ல ரெண்டு மோட்டார் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கும்மா?"

அண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அட, எடுத்துக்கோ தங்கச்சி. குப்பைக்குப் போறதுதானே. அந்த அகலப் பிரிண்டர்ல எடு, அதுல மோட்டார் நல்லா வலுவா இருக்கும்."

எந்த மெஷினில் எடுக்க வேண்டும் என்பதையே அவர்தான் காட்டினார். நட்டு இறுகியிருந்ததைத் தன் ஸ்பானரால் தளர்த்தியும் கொடுத்தார். இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் காட்டினேன். "இதை வச்சு உங்களுக்கு ஒரு கை பண்ணப்போறேன். எங்க சீனியர் குடுத்தாரு." அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கேபிள் டிவி வந்த பிறகு மொட்டை மாடியில் வேலையில்லாமல் நின்ற ஆண்டெனாவின் அலுமினியக் குழாய்தான் கை. சைக்கிள் கடையில் வாங்கிய பழைய முன்சக்கரத்தின் ஹப், அது திரும்புவதற்கான தோள். தண்ணீருக்கு, காரின் முன் கண்ணாடியில் நீர் அடிக்கும் சின்னப் பம்பு. குழாய்க்கு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சலைன் டியூப். மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்டுக்கு வேண்டிய டிரான்சிஸ்டர்களுக்கும் ஐசிக்கும் ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் "யாருக்கும்மா வாங்குற, தம்பிக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாயா என்று கேட்டார். மனப்பாடமாக எட்டு பார்ட் நம்பர்களைக் கடகடவென்று சொன்னேன். அதிலும் இரண்டை மாற்றிக் கொடுத்தார். திரும்பப் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தேன்.

முதல் ஞாயிறு, கை தூக்கவே இல்லை. மோட்டார் கர்ர் என்று உறுமிக்கொண்டு நடுங்கியது, குழாய் தொங்கிக்கொண்டே இருந்தது. காய்கறிக்காரரிடம் ஓர் அரைக்கிலோ படிக்கல் வாங்கி வந்து குழாயின் பின்முனையில் கட்டித் தொங்கவிட்ட பிறகு சமநிலை வந்தது. இரண்டாம் ஞாயிறு, தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் தரையில் ஓடி அண்ணன் செருப்பை நனைத்தது. "இந்த வீட்ல மனுஷன் இருக்கறதா வேணாமா?" என்று கத்தினான். "செருப்புதானே. போனா வேற வாங்கிக்கலாம்" என்றேன். அவனுக்கு அப்போதும் உறைக்கவில்லை. கட்டிலிலிருந்து அண்ணி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில் அது இப்படி அமைந்தது: நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் கை. அதைச் சுற்றி அரைவட்டமாக ஒன்பது தொட்டிகள். மீதியைக் கீழ் வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். ஸ்டூலுக்கு அடியில் ஒரு பக்கெட் தண்ணீர். எலெக்ட்ரீஷியன்கள் சுவரில் அடிக்கும் மரப்பெட்டி ஒன்றில் ஐந்து காலிங் பெல் சுவிட்சுகள் பொருத்தி, நீள ஒயரோடு அண்ணியின் தலையணைப் பக்கம் வைத்தேன். இடது, வலது, மேலே, கீழே, தண்ணீர்.

அவள் பெட்டியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு முதல் சுவிட்சை அழுத்தினாள். கை டிக்டிக் என்று இடப்பக்கம் திரும்பி, வாடிப்போன ஃபெர்னுக்கு மேல் போய் நின்றது. ஐந்தாவதை அழுத்தினாள். தண்ணீர் விழுந்தது.

பாராட்டுவாள் என்று நினைத்தேன். "ரொம்ப வேகமா கொட்டுது. மண்ணு பறிச்சுக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். "குரோட்டன்ஸ்கிட்ட ரெண்டு விரல் தாண்டிப் போய் நிக்குது. மேல சுவிட்சு ரெண்டு தடவை அழுத்துனாதான் கேக்குது. பிகோனியாவுக்கு இலை மேல தண்ணி படக் கூடாது, குழாயை வளைச்சு விடு." அரிசி கழுவிய தண்ணீர்தான் செடிக்கு நல்லது என்று கீழ் வீட்டு அக்காவைக் கொண்டு பக்கெட்டில் அதை ஊற்றவைத்துவிட்டாள், சலைன் டியூப் அடைத்துக்கொண்டது. அன்றைக்குப் பெரிய சண்டை. "மெஷினுக்குள்ள யாராவது கஞ்சியை ஊத்துவாங்களா?" என்று நான் கத்த, "செடிக்காகத்தானே மெஷினு, மெஷினுக்காகவா செடி?" என்று அவள் கத்தினாள். சண்டை போட்டுவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றுவது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். அவள் சொன்ன குறைகளை எல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். என் வேலையை அதுவரை யாரும் அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததில்லை. எனக்கு அவளைப் பிடிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

செடிகள் தேறின. அண்ணன் தன் ஆபீஸ் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினான். "என் தங்கச்சி பண்ணது. நான்தான் ஐடியா குடுத்தேன்" என்றான். அண்ணி சுவிட்சுப் பெட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, "கரன்ட் இல்ல" என்றாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதலாளி எல்லோரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் அந்த அகலமான பிரிண்டர் திறந்து கிடந்தது.

"பேங்க்ல இருந்து இந்த மெஷினைத் திருப்பிக் கேக்குறாங்க. ஓடலைன்னாலும் முழுசா வேணுமாம், அவங்க ஆடிட்டுக்குக் காட்டணுமாம். திறந்து பாத்தா ரெண்டு மோட்டாரும் இல்ல. யாரு எடுத்தது?"

எனக்குப் பயமே வரவில்லை. "நான்தான் சார் எடுத்தேன். அண்ணாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். நாளைக்கே கொண்டுவந்து மாட்டிடறேன்."

முதலாளி சீனியரைப் பார்த்தார். சீனியர் ஒரு பிரிண்ட் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்:

"என்கிட்ட கேக்கலையே சார்."

முதலில் அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "அண்ணா, டீ குடிக்கறப்போ கேட்டேனே. நீங்கதானே ஸ்பானர் குடுத்து நட்டைத் தளத்திவிட்டீங்க."

"நான் எதுக்கும்மா ஸ்பானர் குடுக்கப்போறேன்?"

பஞ்சைத் திருப்பி மறுபக்கத்தால் துடைத்தார். அவர் விரல்கள் பதறவே இல்லை. அந்த விரல்களை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். டீ நேரத்தில் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"இதுக்கு முன்னாடியும் சாமான் காணாமப் போயிருக்கு," என்றார் முதலாளி. "அதெல்லாம் யாருன்னு இப்பத்தான் தெரியுது."

திருடி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. "இப்பவே போய் எடுத்துட்டு வரலாம், நானும் வரேன்" என்றார். நாளை வரை என்னை நம்பத் தயாரில்லை. மோட்டாரை ஒழுங்காகக் கழற்ற வேண்டுமே என்று சீனியரையும் கூட அழைத்துக்கொண்டார். இருவரும் ஸ்கூட்டரில் வந்தார்கள். நான் ரயிலேறி, குரோம்பேட்டையில் இறங்கி, ரயில்வே கேட்டைக் கடந்து, பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் பாதித் தூரம் நடந்தே போனேன். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து உள்ளே போய் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது, அதற்காகவும் எனக்கு ஆத்திரம். அவள் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, "உள்ள வரச் சொல்லு" என்றாள்.

இரண்டு பேரும் அறைக்குள் வந்தார்கள். செங்கல் மேல் தூக்கி வைத்த கட்டிலையும், அதில் படுத்திருந்தவளையும், ஜன்னலோரம் நின்ற கையையும் முதலாளி மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒன்றை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சீனியர் கதவோரமே நின்றுகொண்டார்.

அண்ணி அவரைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கதானே அந்தச் சீனியர்? எடுத்துக்கோன்னு நீங்க சொன்னதா இவ அன்னைக்கு சாயங்காலமே என்கிட்ட சொன்னா. இன்னைக்குக் கேஸ் வரும்னு தெரிஞ்சுதானா அன்னைக்கே பொய் சொல்லி வச்சிருப்பா?"

அவர் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் இங்க வேணாம்மா," என்றார் முதலாளி. "உடம்பு சரியில்லாத எடத்துல... எனக்கு மோட்டார் வந்தாப் போதும். பேங்க்ல பதில் சொல்லணும்."

"எடுத்துக்கோங்க," என்றாள் அண்ணி. "ஆனா ஒரு நிமிஷம் இருங்க. இன்னைக்கு இன்னும் தண்ணி ஊத்தல."

தலையணைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். முதல் தொட்டியிலிருந்து ஆரம்பித்தாள். கை டிக்டிக்கென்று திரும்பியது, தாழ்ந்தது, தண்ணீர் ஊற்றியது, எழுந்தது. அடுத்த தொட்டி. அவள் அவசரப்படவில்லை. நான் பம்பின் வேகத்தை அவள் பேச்சைக் கேட்டு வெகுவாகக் குறைத்து வைத்திருந்ததால், தண்ணீர் நூல் போலத்தான் விழும். ஒரு தொட்டி நனைய இரண்டு நிமிடமாவது ஆகும். உட்காருங்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாற்காலி இருந்தது, நான் அதை எடுத்துப் போடவில்லை. அறையில் மோட்டாரின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. முதலாளி ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நடுவில் நிறுத்தச் சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார். சீனியரின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது, பிகோனியா. அண்ணி குழாயை இலைக்குக் கீழே இறக்கி, மண்ணில் மட்டும் படும்படி ஊற்றினாள். பிறகு கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பெட்டியைப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்பக் கழட்டிக்கோங்க."

சீனியர் ஸ்பானரோடு முன்னால் வந்தார். "தொடாதீங்க" என்றேன். அவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. கீழ் வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. நானே கழற்றினேன். ஒயர்களை வெட்டாமல், ஒவ்வொன்றாக சோல்டர் எடுத்து, திருகுகளைப் பொட்டலம் கட்டி, இரண்டு மோட்டாரையும் முதலாளி கையில் கொடுத்தேன். ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள், பிறகு பேசலாம் என்று வாசலில் நின்று சொன்னார். நான் அங்கே திரும்பிப் போகவே இல்லை.

அண்ணன் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சொன்னது இது: "ஏன் எழுதி வாங்கிக்கல? வாய் வார்த்தைய நம்பி எவனாவது சாமானை எடுப்பானா?" அந்தச் சீனியர் மேல் அவனுக்கு ஒரு சொல் கோபம் வரவில்லை. எனக்கு அறிவில்லை என்பதுதான் அவன் கண்டுபிடித்த குற்றம். மறுநாள் கடைக்குப் போய் முதலாளியிடம் நியாயம் கேளுங்கள் என்று அண்ணி அவனிடம் சொன்னாள். "போனா பிரச்சனை பெருசாகும்" என்றான். அண்ணி அன்று அவன் சமைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி பட்டினி கிடக்கிறாள் என்று கடைசியில் அவன் பதறிக்கொண்டு என்னிடம் வந்து, நீயாவது சொல்லு என்று நின்றான். "அவங்க பசி அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நான் தோசை வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

இப்போது நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். செடிகளுக்கு மக்கில் ஊற்ற ஒரு நிமிடம் போதும். மோட்டார் இல்லாத கை, படிக்கல் தொங்க, ஜன்னலோரம் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பத்து நாள் அதைப் பார்த்தேன். பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பழைய சாமான்களுக்குச் சந்தை கூடும். வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பக்கம் போக முடிந்ததில்லை. கிளம்பினேன்.

"எங்க?" என்றாள் அண்ணி.

"மோட்டார் வாங்க."

"நீதான் வீட்ல இருக்கியே. மக்குல ஊத்தேன்."

"ஊத்த மாட்டேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப மேல சுவிட்சுக்கும் ஒரு நல்ல சுவிட்சா பாத்து வாங்கிட்டு வா" என்றாள்.

வெயிலில் பழைய இரும்புகளுக்கும் உடைந்த பொம்மைகளுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் அலைந்தேன். ஓர் ஆள் சாக்கின் மேல் பிரிண்டர் எலும்புக்கூடுகளைப் பரப்பி வைத்திருந்தார். மோட்டாரைக் கையில் எடுத்துத் திருகிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, திருவி திருவி பாக்குற? இன்னாத்துக்கு இது?"

"செடிக்குத் தண்ணி ஊத்த."

"தண்ணி ஊத்தறதுக்கு மோட்டாரா? பேஜாரா கீதே!"

"துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க," என்றேன். "இன்னைக்கு உங்ககிட்ட ரெண்டு மோட்டார் வாங்குனேன்னு."

அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். எழுதத் தெரியாது என்றார். நானே எழுதினேன், அவர் கீழே கிறுக்கிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வீட்டுக்கு வந்து அண்ணன் முன்னால் வைத்தேன். அவன் எதற்கு என்று கேட்கவில்லை.

இரண்டாவது கை முதலாவதைவிட நன்றாக இருந்தது. அண்ணி சொன்ன குறைகள் எல்லாம் நோட்டில் இருந்தன, ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். ஆத்திரத்தில் செய்த வேலை அலங்கோலமாகத்தான் இருக்கும் என்பார்கள். அந்த மூன்று வாரமும் ஒவ்வொரு திருகையும் யாரோ ஒருவரின் முகத்தில் முடுக்குவது போலத்தான் முடுக்கினேன். ஒரு திருகும் கோணலாகப் போகவில்லை. குரோட்டன்ஸ் தொட்டிக்கு நேராக, இம்மி பிசகாமல் வந்து நின்றது. அண்ணி இரண்டு நாள் குறை தேடினாள். மூன்றாம் நாள், "சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். அதைத் தீர்க்க முடியாது என்றேன்.

எட்டு மாதம் முடிந்து, ஒன்பதில் பாதியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. வேறு குறை இல்லை. மறு மாதம் அண்ணி எழுந்து நடமாடினாள். ஒரு காலையில் அவள் மக்கை எடுத்துக்கொண்டு தொட்டி தொட்டியாக ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கையை ஏன் ஓட்டவில்லை என்று கேட்டதற்கு, "நடக்கணும்போல இருக்குடி" என்றாள். அவள் என்னை 'டி' போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. கையைக் கழற்றிப் பரண் மேல் போட்டேன். கிண்டியில் ஆஸ்பத்திரி உபகரணங்கள் ரிப்பேர் செய்யும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். கேட்டவர் நம்பினாரா என்று தெரியாது. குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆறேழு வருடம் கழித்து, ஒரு வேலையாகத் தாம்பரம் போய்விட்டு ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு நின்றிருந்தேன். "தங்கச்சி, எப்படிம்மா இருக்க?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. சீனியர். தலை நரைத்திருந்தது. நேற்றுத்தான் பார்த்த மாதிரி சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

எதை என்று அவர் கேட்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அதுக்கு முன்னாடி நான் சில சாமானை வெளிய குடுத்திருந்தேன்மா. உனக்குக் குடுத்தேன்னு ஒத்துக்கிட்டா அதெல்லாம் தோண்டியிருப்பாங்க. எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. உனக்கு சின்ன வயசு, படிப்பு இருந்துச்சு, வேற எடத்துல கெடைச்சிடும்னு நெனைச்சேன்."

"நெனைச்சீங்க."

"இப்ப நல்லாத்தானே இருக்க?"

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவர் காட்டிக்கொடுத்த நாளைக்கூட ஒருவேளை விட்டிருப்பேன். "நான் நல்லா இருக்கறது நீங்க பண்ணது சரின்னு ஆகாது" என்றேன். "அன்னைக்கு என்னைத் திருடியா எங்க அண்ணி முன்னாடி நிக்க வச்சீங்க. அவங்களுக்கு அந்த ஆத்திரத்துல ஏதாவது ஆகியிருந்தா? அந்த ரூம்ல நின்னீங்களே, அப்பக்கூட வாயைத் தொறக்கலையே நீங்க." பிளாட்பாரத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. அவர், "தப்புதாம்மா, தப்புதான்" என்று மெல்லச் சொன்னார். ட்ரெயின் வந்தது. ஏறிக்கொண்டார். அவரோடு ஒரே வண்டியில் போக மனமில்லாமல் நான் அடுத்த வண்டிக்கு நின்றேன். வேலைக்கு நேரமாகி அங்கே பேச்சும் வாங்கினேன்.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். அவள் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். நான் கேட்ட கேள்விகளை எல்லாம் திரும்பச் சொல்லவைத்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "பாவம், பொம்பளைப் பிள்ளைங்க வச்சிருக்கிறவரு" என்றாள்.

ஒன்பது தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றி முடியும்வரை அந்த மனிதரை நிற்கவைத்தவள் சொல்கிறாள் இதை! எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, இட்லி அடுப்பில் இருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அண்ணனுக்கு அதை மாற்றத் தெரியாது. சமையலறையிலிருந்து அண்ணி கூப்பிட்டாள், போனேன்.